பூ விழுந்தது எந்தக் கண்ணில்

சுகன்யா செய்யும் வேலையைத் திண்டுக்கல்லில் யாருக்காவது விளக்கிச் சொல்லி ஜெயித்தவர் கிடையாது. கோடிங் என்றால் கம்ப்யூட்டரா என்பார்கள். மெடிக்கல் கோடிங் என்றால் மருந்துக்கடையா என்பார்கள். நாகல் நகரில் அவள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேர், இவள் கண்ணுக்கு நம்பர் போடுகிறவள் என்று கேள்விப்பட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். "எழுத்து மங்கலாத் தெரியுதும்மா, நம்பர் ஏறிருச்சான்னு செத்த பாத்துச் சொல்லு." சேவுகம்பட்டியில் இருக்கும் அவள் அம்மா ஒச்சம்மாள் சொல்லும் விளக்கம்தான் உள்ளதிலேயே உண்மைக்குப் பக்கம். "அமெரிக்காக்காரனுக்குக் கண்ணுல என்ன நோக்காடோ, அதுக்கு எம்மக நம்பர் குடுப்பா. அவ குடுத்தாத்தேன் அங்கிட்டு இன்சூரன்சே கிடைக்கும்."

அதேதான் விஷயம். அங்கே ஒரு டாக்டர் கண்ணைச் சோதித்துக் குறிப்பு எழுதுகிறார். குறிப்பு கடல் தாண்டி இவள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. இவள் வாசித்து, அந்த நோய்க்கு என்ன குறியீடோ அதைப் போட்டு அனுப்புகிறாள். உலகத்தில் இருக்கிற எல்லா நோய்க்கும் குறியீடு உண்டு, கொசுக்கடி முதற்கொண்டு. சுகன்யாவின் பங்குக்கு வந்தது கண். கண்ணிலும் கார்னியா, அதாவது கருவிழிக்கு மேலே கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் அந்தப் படலம். அது வயதினாலோ நோயினாலோ தேய்வதும், ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டுவதும், சுண்ணாம்பு படிவதும், முண்டு முண்டாக மேடு தட்டுவதும்தான் அவளுடைய அன்றாடம். காலையில் இட்லிக்கு ஊற்றிவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குள் எத்தனையோ வெள்ளைக்காரக் கண்களை ஏறக்கட்டிவிடுவாள். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் ஒரு கோபம் உண்டு. குறிப்பில் வலது கண்ணா இடது கண்ணா என்று எழுதாமல் விட்டுவிடும் டாக்டர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "இம்புட்டுப் படிச்சிட்டு இதை எழுதக் கை வலிக்குதாக்கும்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தே வைவாள்.

கணவர் ஈஸ்வர் மின்வாரியத்தில் இருக்கிறார். அமைதியான மனுஷன். அவருக்கு அவளிடம் உள்ள ஒரே புகார், ரோட்டில் நடக்கிற விதம். எங்கே போனாலும் அவருக்கு வலப்பக்கம்தான் வந்து ஒட்டிக்கொள்வாள். அதாவது பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற பக்கம். அவர் இழுத்து உள்பக்கம் விட்டால், பேச்சு வாக்கில் பின்னால் சுற்றி வந்து மறுபடியும் வலப்பக்கம் நிற்பாள்.

"நீ என்ன டிராபிக் போலீசா? எப்பப் பாத்தாலும் ரோட்டுப்பக்கமே வந்து நிக்குற."

"எனக்கு அங்கிட்டு நடந்தா நடக்குற மாதிரியே இல்லங்க" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் காரணம் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தகராறு இருக்கிறது.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். காலேஜ் முடித்துச் சும்மா இருந்த காலம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை, அதன் மாடியில் பயிற்சிக்கூடம். கீழே குண்டான் விழுந்தால் மேலே பாடம் நின்றுவிடும். சொல்லிக்கொடுத்தவர் பிராங்கிளின் சார். பட்டன் போட்ட கழுத்தும் கையில் சாக்பீஸுமாக, நாற்காலியில் உட்காரவே மாட்டார். தலையணை கனத்தில் புத்தகம், அதில் எறும்பு வரிசையாக எண்கள். பக்கத்துப் பெஞ்சில் சின்னாளபட்டி வினிதா. அவளுடைய எலுமிச்சைச் சோற்றுக்கும் சுகன்யாவின் கருவாட்டுக் குழம்புக்கும் முதல் நாளே சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது.

கண் பாடம் வந்த அன்று பிராங்கிளின் சார் சுவரில் படம் போட்டுக் காட்டினார். பெரிய கண் ஒன்று. கருவிழியின் நடுவே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, குறுக்காகச் சாம்பல் வெள்ளையில் ஒரு பட்டை.

"எங்கப்பா!" என்று கத்திவிட்டாள் சுகன்யா.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். வினிதா மட்டும் பெஞ்சுக்கு அடியில் அவள் கையைப் பிடித்தாள். பிராங்கிளின் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாவுக்கு இது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார். ஊர்ல பூ விழுந்துருச்சுன்னு சொல்லுவாங்க. அப்பா இல்ல சார் இப்ப."

"நம்மாளுக பூன்னு சொல்றாங்க. புஸ்தகத்துல பேண்ட் கெரட்டோபதி. கார்னியாவுல கால்சியம் படியுறது" என்றார் சார். "முன்னூத்தி எழுபத்தொண்ணு புள்ளி நாப்பத்தி மூணு. எழுதிக்கங்க."

எல்லாரும் எழுதினார்கள். சுகன்யா எழுதவில்லை. அவளுக்கு எதற்கு எழுதணும்? அது அன்றைக்கே அப்பாவின் எண்ணாகிவிட்டது. பிறகு வந்த வருஷங்களில் எந்த அமெரிக்கக் குறிப்பில் அந்த நோயின் பெயர் வந்தாலும் அவளுக்கு மல்லிகைப்பூ வாசம் அடிக்கும். பைத்தியக்காரத்தனம்தான். அடித்தது, என்ன செய்வது?

அப்பா மொக்கைச்சாமி சேவுகம்பட்டியில் மல்லிகை போட்டவர். விடிய விடியப் பறித்து ஈரத்துணியில் கட்டி நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவார். இளவட்டத்தில் செடி கவாத்து பண்ணும்போது வாதுக்கிளை ஒன்று சுண்டிக் கண்ணில் அடித்தது. தாய்ப்பால் விட்டார்கள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றினார்கள். வருஷக்கணக்காகச் சிவந்து, நீர் வடிந்து, கடைசியில் வலி நின்றபோது வெள்ளை குடியேறிவிட்டது. சந்தையில் அதை வைத்து ஓட்டாத ஆள் இல்லை.

"என்ன மொக்கைச்சாமி, செடியில பூத்தது போதாதுன்னு கண்ணுலயும் பூக்க விட்டுட்டியா?"

"மொக்குன்னு இருந்தா பூக்கத்தானப்பா செய்யும்" என்பார் அவர், பேரையே வைத்து. "ஆனா இந்தப் பூ வெலைக்கு இல்ல."

இப்படிச் சந்தையில் சிரித்த மனுஷன், போட்டோ என்று வந்துவிட்டால் மட்டும் சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொள்வார். கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, எந்தப் படத்திலும் கறுப்புக் கண்ணாடிதான். கண்ணாடி இல்லாத படம் ஒன்றே ஒன்று. அதிலும் ஸ்டூடியோக்காரர் அந்தக் காலத்திலேயே மை வைத்து வெள்ளையை இருந்த இடமே தெரியாமல் மறைத்துவிட்டார். சுகன்யா காலேஜில் கடைசி வருஷம் இருந்தபோது, நெஞ்சுவலி என்று ஒரு மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மாடியில் கழிந்த வருஷங்கள்தான் சுகன்யாவின் நல்ல வருஷங்கள். பயிற்சிக்கூடமே கம்பெனியாகி, பிராங்கிளின் சாரே மேலாளரானார். ஒரு வருஷம் அமெரிக்காவில் புத்தகத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய எண்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. அப்பாவின் முன்னூற்று எழுபத்தொன்றும் போனது, எச் பதினெட்டு புள்ளி நாற்பத்திரண்டு வந்தது. அதோடு விட்டார்களா? பழைய புத்தகத்துக்கு எந்தக் கண் என்ற கவலை கிடையாது. புதியதில் கடைசியாக இன்னொரு எண் ஒட்டவேண்டும். வலது என்றால் ஒன்று, இடது என்றால் இரண்டு, இரண்டும் என்றால் மூன்று. டாக்டர் சொல்லவில்லை என்றால் ஒன்பது. ஒன்பது போட்டால் அநேகமாக இன்சூரன்ஸிலிருந்து திரும்பி வந்துவிடும்.

அந்த மாதம் முழுக்க ஆபீஸே கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. நோயாளியின் வலது, பார்க்கிறவருக்கு இடது. பிராங்கிளின் சார் எல்லாரையும் எதிரும் புதிருமாக உட்காரவைத்து, கண்ணைத் தொட்டுக் காட்டிப் பழக்கினார். வினிதா சுகன்யாவின் கண்ணைத் தொடுவாள், "ஒண்ணு" என்பாள். "இது ரெண்டுடி எருமை." "என் பக்கம் ஒண்ணு." "உன் பக்கத்துல இருந்து யாருடி கேட்டா?" சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். டீக்கடையில்கூட "வலது கை டம்ளர் யாருக்கு, எனக்கு வலதா உனக்கு வலதா" என்று படுத்துவார்கள். சார் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "டாக்டர் எழுதலைன்னா அது நடக்கல. நீயா ஊகிச்சுப் போட்டேன்னா அது பொய். சந்தேகம்னா கேள்வி எழுதி அனுப்பு."

கொரோனா வந்து மாடியைப் பூட்டினார்கள். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாடி பிறகு திறக்கவே இல்லை. அங்கே இப்போது கல்யாண உடை வாடகைக்குத் தருகிறார்கள். வினிதா ஓசூர் போய்விட்டாள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் சுகன்யா ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொள்வாள். இப்போதும் மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது எலுமிச்சைச் சோற்று நினைப்பு வந்து தொலைக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தம்பி மோகன்குமார் நிறுத்தினான். ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டி முடித்திருந்தான். பால் காய்ச்சுகிற அன்று, நுழைந்ததும் தெரிகிற மாதிரி அப்பாவின் படம் பெரிதாக மாட்டவேண்டும். வத்தலக்குண்டில் அப்துல் ஹாதி என்ற பையனின் ஸ்டூடியோவில் கூலிங் கிளாஸ் இல்லாத அந்தப் பழைய படத்தைக் கொடுத்து, கலர் போட்டு, கம்ப்யூட்டரில் மெருகேற்றச் சொன்னான். அது தயாராகி வாட்ஸ்அப்பில் வந்தது.

சுகன்யா திறந்து பார்த்தாள். நல்ல களையான ஆள். பளிச்சென்று முகம், பளிச்சென்று இரண்டு கண்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"யாருடா இது?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? அப்பா."

"எங்கடா பூவு?"

"அதை எதுக்குக்கா? அவரே போட்டோன்னா கண்ணாடி மாட்டிக்குவாரு. அவரு ஆசப்பட்டதத்தான செஞ்சிருக்கேன்?"

பின்னாலிருந்து ஒச்சம்மாள் குரல் கேட்டது. "செத்தும் அவுகளுக்கு அந்தக் குறை எதுக்குத்தா? நல்லாத்தான் இருக்காக. விடு."

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்ச அப்பா அந்தக் கண்ணோடதாண்டா இருந்தாரு. இந்தாளு நம்ம வீட்டு நடுச்சுவத்துல வந்து நின்னா நான் வணக்கம்தான் சொல்லணும். அப்பான்னு கூப்பிட வராது" என்றாள்.

அழுகிற அக்காவை எதிர்த்துப் பேசி மோகன்குமாருக்குப் பழக்கமில்லை. "சரி, அழுகாத. ஹாதிகிட்டச் சொல்லி அந்த வெள்ளையப் போடச் சொல்றேன். எந்தக் கண்ணு? வலதா, இடதா?"

சுகன்யா வாயைத் திறந்தாள். வலது என்றும் வரவில்லை, இடது என்றும் வரவில்லை.

அமெரிக்காவில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கண்ணுக்குக் கூசாமல் வலது இடது பிரிக்கிறவள். எழுதாத டாக்டர்களை வாய்க்கு வந்தபடி வைகிறவள். கண்ணை மூடினால் அப்பாவின் முகம் வருகிறது, பூ வருகிறது, சிரிப்பு வருகிறது. எந்தப் பக்கம் என்று உற்றுப் பார்த்தால் பூ இங்கேயும் நிற்கிறது, அங்கேயும் நிற்கிறது. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே வட்டிலில் பிசைந்த சோற்றை வாங்கித் தின்ற மகளுக்குத் தெரியவில்லையாம். என்ன மகள்!

"நீ சொல்லுடா, எந்தக் கண்ணு?" என்றாள் தம்பியிடமே.

"இடது. எனக்கு நல்லாத் தெரியும். அவரு ஷேவ் பண்றப்ப பின்னாடி நின்னு கண்ணாடியிலயே பாத்துருக்கேன்."

"கண்ணாடியிலயா?"

"ஆமா, கண்ணாடியில... அய்யய்யோ, அப்ப அது மாறி வருமா, மாறாதா?" அவனும் குழம்பிவிட்டான்.

மறுநாளே சுகன்யா பஸ் ஏறி ஊருக்குப் போனாள். ஒச்சம்மாள் புதுவீட்டு வாசலில் சிமெண்டுக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாவுக்கு எந்தக் கண்ணுல பூவு?"

"இதென்ன கேள்வி? சோத்தாங்கைக் கண்ணு" என்றார் ஒச்சம்மாள் பட்டென்று.

சுகன்யாவுக்கு உயிர் வந்தது. சோற்றுக்கை என்றால் வலது. இருந்தாலும் பிராங்கிளின் சார் வளர்த்த பிள்ளையாயிற்றே. "என் மூஞ்சியில தொட்டுக் காட்டு" என்று எதிரே உட்கார்ந்தாள். ஒச்சம்மாள் வலது கையை நீட்டி மகளின் இடது கண்ணைத் தொட்டார்.

"இது பீச்சாங்கைக் கண்ணும்மா."

"எனக்குச் சோத்தாங்கைப் பக்கந்தான இருக்கு?"

"உனக்குச் சரி. அப்பாவுக்கு?"

"அடி இவளே, அவுக மூஞ்சிய நான் என் பக்கமிருந்துதான பாத்தேன்? அவுக பக்கமிருந்தா பாக்க முடியும்?" என்றார் ஒச்சம்மாள்.

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? சுகன்யா சிரித்துவிட்டாள், சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. சரி, அப்படியானால் இடது என்று எழுதிவிடலாமா என்றால், உறுதிக்காக இன்னொரு தடவை காட்டச் சொன்னபோது ஒச்சம்மாள் வலதைத் தொட்டார். மூன்றாவது தடவை கேட்டதற்கு, "அவுகளுக்குப் பூவு இருந்துச்சு, அம்புட்டுத்தேன். அதுக்குப் பக்கம் வேற பாத்துக் குடும்பம் நடத்துனேனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தால், அப்பா ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை. நந்தியாவட்டை எந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தது?

திண்டுக்கல்லுக்குத் திரும்பியவளுக்கு வேலை ஓடவில்லை. ஹாதி போன் செய்தான். "அக்கா, நாளைக்குள்ள சொன்னீங்கன்னா பிரிண்ட் போட்டுருவேன். ரைட்டா, லெஃப்டா?" ரைட் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தப்பாக இருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கண்டுபிடிக்க வேண்டியவரே படத்தில்தான் இருக்கிறார். ஆனால் ஊகித்துப் போட்டால் அது பொய் என்று சார் சொன்னது காதில் நின்றது. கேள்வி எழுதி அனுப்பு என்றும் சொல்வாரே. யாருக்கு அனுப்ப? பதில் எழுத டாக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. அப்பாவுக்கு அவள் கையாலேயே ஒன்பது போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஈஸ்வர் வந்து பார்த்தபோது விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், "இல்லாட்டி கூலிங் கிளாஸ் படத்தையே பெருசு பண்ணிரலாமே" என்றார். நல்ல யோசனைதான்.

"அவரு மறைச்சது ஊருக்குங்க. எனக்கா மறைச்சாரு? எனக்கே மறந்து போச்சு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றாள் சுகன்யா.

மறுநாள் இரண்டு பேருமாக வத்தலக்குண்டுக்குப் போனார்கள். நேரில் படத்தைப் பெரிதாகப் பார்த்தால் ஒருவேளை ஞாபகம் வரலாம் என்று ஒரு நப்பாசை. படம் பார்க்க ஒச்சம்மாளும் சேவுகம்பட்டியிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார். மூன்று பேரும் ஸ்டூடியோவுக்கு நடந்தார்கள். முன்னால் ஈஸ்வரும் சுகன்யாவும், நாலடி பின்னால் ஒச்சம்மாள். பெரியகுளம் ரோடு எப்போதும் போல லாரியும் பஸ்ஸுமாகப் பறந்தது. தேங்காய் லாரி ஒன்று ஆரன் அடித்தபடி உரசுகிற மாதிரி வர, ஈஸ்வர் மனைவியின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இங்கிட்டு வான்னா கேக்க மாட்டியா? எப்பப் பாரு ரோட்டுப்பக்கம்!"

பின்னாலிருந்து ஒச்சம்மாள் சொன்னார்: "அவ திருந்த மாட்டா மாப்ள. பாவாடை கட்டுன காலத்துலருந்து அப்படித்தேன். அவுகளுக்கு இந்தப் பக்கம் வர்ற வண்டி தெரியாதுல்ல? இவ போயி ரோட்டுப்பக்கம் நின்னுக்குவா. பிள்ளைய வண்டிக்குக் குடுக்கப் போறீகளான்னு நான் அவுகளோட போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா? ரோட்டைத் தாண்டணும்னா, ஏத்தா வண்டி வருதாம்பாக. இவ பாத்துட்டு, வரல வாங்கப்பாம்பா. அம்புட்டுப் பெரிய மனுசன் இந்தச் சிறுக்கி சொன்னாத்தேன் கால எடுத்து வைப்பாக."

சுகன்யா நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

அவளுடைய இடது கை தானாகக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களைத்தான் அப்பா பிடிப்பார், முழுக்கையையும் பிடிக்க மாட்டார். பூப் பறித்துப் பறித்துக் காய்ப்பேறிய விரல், நகக்கண்ணில் பச்சைக் கறை. நிலக்கோட்டைச் சந்தை வாசல், பஸ் புகை, ஈரத்துணி மூட்டை அவர் இடது தோளில். வலது கையில் இவள். அவர் நிமிர்ந்து நேரே பார்த்தபடி நிற்பார், இவள்தான் எட்டி எட்டி ரோட்டைப் பார்ப்பாள். தெரியாத பக்கத்தை மகள் கண்ணில் விட்டுவிட்டு அந்த மனுஷன் எவ்வளவு நிம்மதியாக நின்றார்!

"வலதும்மா" என்றாள். "வலது கண்ணு. ஒண்ணு."

"அதைத்தான நான் மொதல்லயே சோத்தாங்கைன்னு சொன்னேன்" என்றார் ஒச்சம்மாள்.

ஈஸ்வர் இத்தனை வருஷமாக இழுத்து இழுத்து அவளை உள்பக்கம் விட்ட தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஸ்டூடியோவில் ஹாதி கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்திருந்தான். "ரைட்டுன்னா, ஸ்கிரீன்ல நமக்கு லெஃப்ட்ல வரும். சரியாக்கா?"

"சரியாச் சொன்னப்பா. அவருக்கு ரைட்டு."

அவன் முதலில் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டை வைத்தான். "பொட்டு இல்லப்பா, பட்டை" என்று சுகன்யா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "குறுக்கால இழு. இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும். அம்புட்டு வெள்ளை வேண்டாம், பழைய சுண்ணாம்புச் சுவரு மாதிரி. நடுவுல சின்னச் சின்னதா ஓட்டை விழுந்தாப்புல விடு." படித்தது எது, பார்த்தது எது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே வந்தது. ஹாதி பொறுமையான பையன். கூட்டினான், குறைத்தான், நிழலடித்தான்.

ஒரு கட்டத்தில் சுகன்யா பேசுவதை நிறுத்தினாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்ற ஒச்சம்மாளுக்கு முந்தானை வாய்க்குப் போய்விட்டது. குறை எதற்கு என்று சொன்னவர்தான். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து அந்த வெள்ளையை விரலால் தொட்டார். "வந்துட்டாக" என்றார். "ரெண்டு கண்ணும் நல்லா இருந்த அந்தாளுகிட்ட எனக்கு என்னமோ கூச்சமாவே இருந்துச்சுத்தா."

பிரிண்டுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். தாண்டுவதற்காக ஓரத்தில் நின்றபோது சுகன்யா பழக்கப்படி வலப்பக்கம் போனாள். பாதி வழியில் கணவரின் புகார் ஞாபகம் வந்து தயங்கி நின்றாள். ஈஸ்வர் அதற்குள் தானாகவே இடப்பக்கம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டிருந்தார். வலது கையையும் நீட்டியிருந்தார்.

"ஏத்தா, வண்டி வருதா?" என்று கேட்டார்.

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தும் அவர் ரோட்டைத் திரும்பிப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். சுகன்யா அவர் கையில் தன் கடைசி இரண்டு விரல்களைக் கொடுத்தாள். எட்டி ரோட்டைப் பார்த்தாள். கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"வரல. வாங்க."